பனியைத் துடைத்த காற்று

போன வாரம் உங்களை ஹனேடா விமான நிலையத்தின் கடல் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனேன். மூடுபனிக்குள் இறங்கப் பார்த்த கனடியன் பசிபிக் விமானம், ஓடுதளத்துக்கு முன்னாலிருந்த விளக்குகளில் இடித்து, சுவரில் மோதி எரிந்த இரவு அது. 72 பேரில் பிழைத்தவர்கள் எட்டே பேர். அதே மாலையில், அதே பனியைப் பார்த்துவிட்டு, நமக்கு வேண்டாம் என்று திரும்பிப்போன இன்னொரு விமானம் உண்டு என்று ஒரு வரி எழுதி முடித்திருந்தேன்.

அந்த விமானம்தான் இந்த வாரக் கதை.

பிரிட்டிஷ் நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் 911ஆம் எண் பயணம். போயிங் 707. சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, ஹோனலூலு வழியாக டோக்கியோ வந்து, அங்கிருந்து ஹாங்காங் போக வேண்டியது. 1966 மார்ச் 4 மாலை டோக்கியோவில் பனி மூடிக் கிடந்தது. தரையிலிருந்து ரேடார் பார்த்து விமானத்தை வழிகாட்டி இறக்கும் வசதியும் அந்த நேரம் வேலை செய்யவில்லை. தட்டித் தடவி இறங்கிப் பார்க்கலாம் என்று யாரும் ஆசைப்படவில்லை. விமானம் ஃபுகுவோகாவுக்குப் போய் இறங்கியது. இரவு அங்கேதான்.

பயணிகளில் சிலர் முணுமுணுத்திருப்பார்கள். ஒரு ராத்திரி வீண். திட்டமெல்லாம் குழப்பம். ஆனால் ஹனேடாவில் நடந்த செய்தி காதுக்கு எட்டியதும் அந்த முணுமுணுப்பு எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாமதம்தான் உயிர் கொடுத்தது என்று கும்பிடு போட்டிருப்பார்கள்.

மறுநாள் பகல் 12.43. விமானம் ஹனேடாவில் இறங்கியது.

வானத்தைப் பார்க்க வேண்டுமே! நேற்று பத்தடி தெரியாமல் கிடந்த ஊரா இது என்று கேட்கவைக்கும் வெளிச்சம். இரவோடு இரவாகக் காற்று மாறியிருந்தது. ஆசியப் பெருநிலத்திலிருந்து குளிர்ந்த, வறண்ட வடமேற்குக் காற்று புகுந்து, பனியையும் ஈரத்தையும் கடலுக்குத் துரத்தியிருந்தது. மேற்கே ஃபூஜி மலை பளிச்சென்று நின்றது.

இந்தக் காற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதுதான்.

விமான நிலையத்தில் மனநிலை சரியில்லை. ஒரு மாதம் முன்புதான் உள்நாட்டு விமானம் ஒன்று டோக்கியோ விரிகுடாவில் விழுந்து 133 பேர் இறந்திருந்தார்கள். அதன் துக்கம் ஆறுவதற்குள் நேற்றைய விபத்து. கருகிய உடைசல்களை இன்னும் முழுதாக அப்புறப்படுத்தவில்லை. ஹாங்காங் போகக் காத்திருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் விமானம் ஏற வேண்டும்.

யார் யார் ஏறினார்கள்?

பாதிக்கு மேல் ஒரே கூட்டம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் தெர்மோ கிங் என்று ஒரு நிறுவனம். லாரிகளில் பொருட்கள் கெடாமலிருக்கக் குளிர்சாதனம் செய்கிறவர்கள். அந்த நிறுவனத்தோடு தொடர்புடைய 75 பேர், நிறுவனத்தின் செலவிலேயே 14 நாள் சுற்றுலா கிளம்பியிருந்தார்கள். ஜப்பான், பிறகு தென்கிழக்கு ஆசியா. 26 பேர் மனைவியையும் கூட்டி வந்திருந்தார்கள். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, வெகுநாள் கழித்துச் சேர்ந்து வந்த பயணம். அவர்களிடம் கேமராவும் இருந்தது, உற்சாகமும் இருந்தது.

ஏறாமல் போனவர்கள் கதை இன்னும் விசித்திரம். ஜேம்ஸ் பாண்ட் பட வரிசையில் அடுத்து 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்'. அதற்கு ஜப்பானில் இடம் தேடி வந்திருந்தது ஒரு குழு. தயாரிப்பாளர்கள் ஆல்பர்ட் பிராக்கோலி, ஹாரி சால்ட்ஸ்மன். இயக்குநர் லூயிஸ் கில்பர்ட். ஒளிப்பதிவாளர் ஃபிரெடி யங். கலை இயக்குநர் கென் ஆடம். இவர்கள் எல்லோருக்கும் இதே விமானத்தில் இடம் பதிவாகியிருந்தது. கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது, நிஞ்ஜா வித்தை பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. படத்துக்கு உதவுமே என்று டிக்கெட்டை விட்டுவிட்டார்கள்.

தொழில்மேல் இருந்த ஆசைதான் காப்பாற்றியது. வேறு புண்ணியம் எதுவும் கணக்கில் இல்லை.

இப்போது விமானி அறைக்குப் போவோம்.

கேப்டன் பெர்னார்ட் டாப்சன். 45 வயது. 707 ஓட்டிப் பழக்கப்பட்டவர். ஹாங்காங்குக்கு அவர்கள் முதலில் கொடுத்திருந்த திட்டம் இது: ஹனேடாவிலிருந்து தெற்கே, கடலுக்கு மேல், ஓஷிமா தீவு வழியாக, கருவிகளை நம்பி ஏறுவது. ஃபூஜி மலை இந்த வழியில் எங்கேயோ தூரத்தில் ஒதுங்கி நிற்கும்.

மணி 13.42. இன்ஜின்களை இயக்க அனுமதி கேட்டுக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுகிறார்கள். கூடவே ஒரு மாற்றம். ஓஷிமா வேண்டாம். மேற்கே போகிறோம். ஃபூஜி, ரெபல், குஷிமோட்டோ என்ற புள்ளிகள் வழியாக. கருவிகளை நம்பியல்ல, கண்ணால் வெளியே பார்த்தபடி ஏறுகிறோம்.

கோபுரம் சம்மதித்தது. மறுக்க என்ன இருக்கிறது? நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் மலை ஜன்னல் வழியே தெரிகிறது.

ஏன் மாற்றினார்?

இதுதான் இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத கேள்வி. வானொலியில் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அன்று முதல் இன்றுவரை ஊகம்தான். விமானம் ஏற்கெனவே ஏறக்குறைய ஒரு நாள் தாமதம். சீக்கிரம் ஏறி வழியைப் பிடிக்க நினைத்திருக்கலாம். இல்லையென்றால், பயணிகளுக்கு ஃபூஜியைக் கிட்டத்தில் காட்டலாம் என்ற நல்லெண்ணம். எரிந்துகிடந்த விமானத்தைப் பார்த்து முகம் வாடிப்போன நூற்றுப் பதின்மூன்று பேருக்கு ஓர் ஆறுதல். பெரும்பாலானவர்கள் நம்புவது இந்த இரண்டாவதைத்தான். நானும் அந்தக் கட்சி. அந்தக் காலத்து விமானிகள் நல்ல காட்சி வந்தால் மைக்கை எடுத்து, வலப்பக்கம் பாருங்கள் என்று சொல்கிறவர்கள்.

எதுவாக இருந்தாலும் அதில் அலட்சியம் இல்லை. நேற்று எதுவும் தெரியாததால் ஆபத்து. இன்று எல்லாம் தெரிகிறது. ஆகவே ஆபத்தில்லை.

எந்த விமானியும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

விமானம் ஓடுதளத்தை நோக்கி நகர்ந்தது. வழியில் கனடியன் பசிபிக்கின் உடைசல்கள். அவற்றைத் தாண்டிப் போன காட்சி படத்திலும் பதிவாகியிருக்கிறது. பார்க்கும்போது கையை நீட்டி நிறுத்தலாமா என்று தோன்றும்.

13.58. சக்கரங்கள் தரையை விட்டன. 113 பயணிகள், 11 ஊழியர்கள்.

இனி இருப்பது பதினேழு நிமிடம்.

டோக்கியோ விரிகுடாவுக்கு மேலே வலப்பக்கம் திரும்பி, தென்மேற்கே ஏறியது விமானம். ஒடவாரா என்ற ஊருக்கு வடக்கே கடந்தது. கீழே டன்சாவா மலைகள். பயணி ஒருவர் 8 மில்லிமீட்டர் கேமராவை ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கேமராவை இப்போதைக்கு விட்டுவிடுவோம்; பிறகு தேவைப்படும்.

மறுபடியும் வலப்பக்கம் ஒரு திருப்பம். இப்போது மூக்கு நேராக மலையை நோக்கி. கீழே கொதேம்பா என்ற சிற்றூர். உயரம் சுமார் 16,000 அடி.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். திட்டாதீர்கள். அடுத்த சில விநாடிகள் புரிய வேண்டுமானால் அந்த மலைக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிய வேண்டும்.

ஃபூஜி தனி மலை. தொடர்ச்சி கிடையாது. சமவெளியிலிருந்து 3,776 மீட்டர் ஒற்றையாக எழும்பி நிற்கிறது. அன்று உச்சியில் காற்று மணிக்கு 110 முதல் 130 கிலோமீட்டர். வடமேற்கிலிருந்து வந்த அந்தக் காற்று மலையில் மோதி, ஏறி, சுற்றி, மறுபக்கம் இறங்குகிறது. மறுபக்கம் என்றால் தென்கிழக்கு. கொதேம்பா இருக்கிற பக்கம்.

வேகமான ஆற்றில் பெரிய பாறை கிடந்தால், அதற்கு முன்னால் தண்ணீர் அமைதியாகத்தான் வரும். தாண்டிய பிறகுதான் குதிக்கும், சுழிக்கும், கீழே இழுக்கும். ஆற்றில் நுரை இருப்பதால் சுழல் இருக்கும் இடம் நமக்குத் தெரிகிறது. காற்றுக்கு நுரை மேகம். ஈரம் இருந்தால், மலைக்குப் பின்னால் எழும் ஒவ்வோர் அலையின் முகட்டிலும் மேகம் திரளும். ஃபூஜிக்குத் தொப்பி போட்டது மாதிரி வரும் மேகங்களைப் பார்த்து அந்த ஊர் மக்கள் காற்றும் மழையும் வரும் என்று சொல்லிவிடுவார்கள்.

அன்று காற்று வறண்டிருந்தது. சுழல் இருந்தது. நுரை இல்லை.

விசித்திரம் என்னவென்றால், இந்த மலைக்குப் பின்னால் காற்று என்னென்ன ஆட்டம் போடும் என்பதை ஒரு மனிதர் வருடக்கணக்காகப் படமெடுத்தே வைத்திருந்தார். மசனாவோ அபே. ஜப்பானியப் பிரபு வம்சத்துக்காரர், இயற்பியலாளர். 1920களின் இறுதியில் மலையைப் பார்த்த மாதிரி ஓர் ஆய்வுக்கூடம் கட்டி, ஃபூஜியைச் சுற்றி மேகங்கள் பிறந்து உருண்டு கலைவதை சினிமா கேமராவில் பிடித்தார். காற்றைப் படமெடுக்க முடியாது. காற்று மேகத்தை என்ன செய்கிறது என்று எடுக்கலாம் அல்லவா? பதினைந்து வருடம் அதையே செய்தார். அவர் ஆய்வுக்கூடம் இருந்த ஊர் எது தெரியுமா?

கொதேம்பா.

அறிவு இருந்தது. அது தேவைப்பட்ட ஆளிடம் இல்லை. வரலாற்றில் முக்கால்வாசி விபத்துகளை இப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சரி, ரேடார்? மலை உச்சியிலேயே ஒன்று இருந்தது. இரண்டு வருடம் முன்புதான் வைத்தார்கள். 800 கிலோமீட்டர் தூரத்துப் புயலைக்கூடப் பார்க்கும். ஆனால் அது பார்ப்பது மழைத்துளியை. துளியில் பட்டுத் திரும்பினால்தான் திரையில் புள்ளி விழும். வெறும் காற்றில் எதன்மேல் பட்டுத் திரும்புவது? விமானத்தின் மூக்கிலிருந்த ரேடாருக்கும் அதே கதிதான். தெளிந்த வானக் கொந்தளிப்பு என்று நாம் இந்தத் தொடர் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் பேய்க்கு இதுதான் பலம். மேகத்துக்குள் இருக்கும் கொந்தளிப்பு முகம் காட்டிவிட்டு அடிக்கும். இது அடித்த பிறகுதான் தெரியும்.

அப்படித் திடீரென்று அடிக்கும்போது உள்ளே இருக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு முறை. ஆள் மேலே பறப்பதில்லை. விமானம் கீழே போகிறது. சீட் பெல்ட் போடாதவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். கூரை வந்து அவர் தலையில் இடிக்கிறது. அடுத்த கணம் விமானம் மேலே வருகிறது. தரை அவரை அறைகிறது. கழுத்து, முதுகெலும்பு, கணுக்கால். நின்று வேலை செய்யும் பணிப்பெண்களுக்குத்தான் எப்போதும் முதல் அடி. 2024இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மர் மேலே குலுங்கியது நினைவிருக்கும். அது தெளிந்த வானமா, பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்த மேகத்தின் வேலையா என்பது வேறு பேச்சு. கணக்கை மட்டும் பாருங்கள். காயங்கள் எல்லாம் 4.6 விநாடிக்குள். அதில் விமானம் இழந்த உயரம் வெறும் 178 அடி. அந்த 178 அடியில்தான் மண்டைகள் உடைந்தன, முதுகெலும்புகள் நொறுங்கின. ஆனால் விமானம் பாங்காக்கில் சக்கரம் பதித்து இறங்கியது.

1966இலும் விமானிகளின் நம்பிக்கை இதுதான். கொந்தளிப்பு மனிதரை முறிக்கும். விமானத்தை முறிக்காது.

இப்போது மறுபடி கொதேம்பாவுக்கு மேலே போவோம்.

மணி 14.15ஐ நெருங்குகிறது.

இரண்டு இறக்கைகளும் மட்டம். நான்கு இன்ஜின்களும் ஒழுங்கு. கண்ணெதிரே ஃபூஜி, வெயிலில். மலையைப் பார்த்தபடி, மலை உதறிய காற்றுக்குள் 707 நுழைந்தது.

ஒரே அடி.

செங்குத்தாக நிற்கும் வால் துடுப்பு பிடுங்கிக்கொண்டு போனது. போகிற போக்கில் இடப்பக்கத்துப் படுக்கைத் துடுப்பையும் இடித்து உடைத்தது. வால் போன விமானம் பக்கவாட்டில் திருகியது. அந்தத் திருகலில் நான்கு இன்ஜின்களும் அவற்றைத் தாங்கிய பிடிகளோடு பிய்ந்து விழுந்தன. பிறகு உடலின் முன்பகுதி தனியே முறிந்தது.

கீழே ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். விமானத்துக்குப் பின்னால் நீளமாக வெண்புகை. தீ என்றே நினைத்தார்கள். அது தீ இல்லை; கிழிந்த தொட்டிகளிலிருந்து பீறிட்ட எரிபொருள். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் சிலர் கேமராவும் எடுத்து வந்தார்கள். வாலும் இன்ஜினும் இல்லாத விமான உடல் வானத்திலிருந்து இறங்குவதை அவர்கள் படமெடுத்திருக்கிறார்கள். மலையடிவாரக் காட்டில், தரோபோ என்ற இடத்தில் விழுந்தது. துண்டுகள் பதினாறு கிலோமீட்டர் தூரத்துக்குச் சிதறிக் கிடந்தன.

124 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த 26 தம்பதிகளின் பிள்ளைகள் மட்டும் 63 பேர். மினியாபொலிஸில் விடிவதற்கு முன்பே அவர்கள் அப்பாவும் அம்மாவும் இல்லாதவர்கள் ஆகியிருந்தார்கள்.

செய்தி பரவியதும் பலருக்கும் முதலில் தோன்றியிருக்கும் வார்த்தை: குண்டு. இவ்வளவு தெளிவான வானத்தில், ஏறிக்கொண்டிருந்த நல்ல விமானம் துண்டு துண்டாவதற்கு வேறென்ன காரணம்? காற்று என்று சொல்ல எளிதில் யாருக்கும் தோன்றியிருக்காது. சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

சிரிக்காத ஒருவர் இருந்தார்.

உடைசல் எங்கே விழுந்தது என்று தேடுவதற்காக அமெரிக்கக் கடற்படையின் ஸ்கைஹாக் போர் விமானம் ஒன்று சற்று நேரத்திலேயே கிளம்பியிருந்தது. சின்ன விமானம். முரட்டுத்தனமாகக் கட்டப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலில் விழுந்து எழுவதற்கென்றே செய்தது. அது கொதேம்பா பக்கம் வந்தது.

அந்தச் சுழல் இன்னும் அங்கேயே இருந்தது.

விமானத்திலிருந்த அளவுமானி பதிந்ததைச் சொல்கிறேன். மேல்நோக்கி 9 g. கீழ்நோக்கி 4 g. அதாவது 70 கிலோ மனிதர் ஒரு கணம் 630 கிலோ கனத்தார். இன்னொரு கணம், கட்டியிருந்த பட்டையில் 280 கிலோ கனத்தோடு தலைகீழாக இழுபட்டார். தன் விமானம் உடைகிறது என்றே அந்த விமானி முடிவுகட்டிவிட்டார். எப்படியோ மீண்டு தரையிறங்கினார். பயணிகள் விமானங்களைக் கட்டும்போது தாங்க வேண்டிய எல்லை என்று வைப்பது 2.5 g. அதற்கு மேல் பாதுகாப்புக்காக இன்னொரு பாதி. கூட்டினால் 3.75. போர் விமானமாக இருந்ததால் அவர் பிழைத்தார்.

ஆக, காற்றுக்கு முதல் சாட்சி கிடைத்துவிட்டது.

இரண்டாவது சாட்சி காட்டுக்குள் கிடந்தது. விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவி முன்பகுதியோடு தீயில் அழிந்துபோயிருந்தது. ஆனால் உடைசல்களுக்கு நடுவே அந்த 8 மில்லிமீட்டர் கேமரா கிடைத்தது. சுருளைக் கழுவினார்கள். ஹனேடா வந்தது. டன்சாவா மலைகள் வந்தன. அடுத்து யாமனாக்கா ஏரி. எடுத்தவர் நிதானமாக, ரசித்து எடுத்திருக்கிறார். கை நடுங்கவில்லை. பயம் எதுவும் இல்லை.

பிறகு இரண்டு கட்டங்கள் காணோம். பதிவே ஆகவில்லை.

அதற்கடுத்துத் தெரிந்தது வானமல்ல. விமானத்தின் உட்புறம். இருக்கைகள் போலவும் தரைவிரிப்பு போலவும் கலங்கலாக ஏதோ. அதோடு சுருள் முடிந்தது.

அதே ரகக் கேமராவை வரவழைத்து, எவ்வளவு அதிர்ச்சி கொடுத்தால் இரண்டு கட்டங்கள் தவறும் என்று சோதித்தார்கள். 7.5 g அளவுக்கு உலுக்கினால்! ஏரிக்கும் தரைவிரிப்புக்கும் இடையே குண்டின் வெளிச்சம் இல்லை, புகை இல்லை. ஓர் உலுக்கல் மட்டும்.

மூன்றாவது சாட்சி கடல் தாண்டி இருந்தது. இரண்டு வருடம் முன்பு, 1964 ஜனவரியில், அமெரிக்காவின் கொலராடோவில் போயிங் நிறுவனமே ஒரு பி-52 குண்டுவீச்சு விமானத்தைக் கொந்தளிப்புச் சோதனைக்கு அனுப்பியிருந்தது. ஓட்டியவர் சக் ஃபிஷர். மலைகளின் பின்பக்கம், மேகமில்லாத வானம். திடீரென்று ஒரு மோதல். செங்குத்து வால் துடுப்பு ஏறக்குறைய முழுதும் போய்விட்டது! ஃபிஷர் பதறவில்லை. மணிக்கணக்காக அதை மெல்ல நகர்த்திக் கொண்டுபோய், ஆர்கன்சாவிலுள்ள பிளைத்வில் தளத்தில் பத்திரமாக இறக்கினார். வாலில்லாமல் பறக்கும் அந்தப் பி-52இன் புகைப்படம் இன்றைக்கும் பிரசித்தம். காற்றுக்கு வாலைப் பிடுங்கத் தெரியும் என்று போயிங்குக்கு அன்றே தெரிந்துவிட்டது.

வழக்கு முடிந்த மாதிரிதான். நேற்றைய பனியை விரட்டி, வானத்தைக் கழுவி, மலையைக் காட்டி ஆசைகாட்டியதும் அந்தக் காற்று. மலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று அடித்ததும் அதே காற்று. விசாரணைக்காரர்கள் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

ஆனால் வேலையில் சுத்தமானவர்கள். துண்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, எது முதலில் முறிந்தது என்று வரிசைப்படுத்தினார்கள். வரிசையின் முதலில் நின்றது வால் துடுப்பு. அதை உடலோடு பிணைத்த உலோகப் பகுதியைக் கழற்றி, போல்ட் போகும் துளைகளின் உட்புறத்தை உன்னிப்பாகப் பார்த்தார்கள்.

அங்கே ஒரு விரிசல்.

மார்ச் 5 பிற்பகல் விழுந்த விரிசல் அல்ல அது. ஒரே அடியில் முறியும் உலோகத்தின் முகம் வேறு மாதிரி இருக்கும். இது பறந்து பறந்து, களைத்துக் களைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. அந்த 707 ஹோனலூலுவில் கிளம்பியபோதும், ஃபுகுவோகாவில் இரவு நின்றபோதும், கேப்டன் டாப்சன் மேற்கே போக அனுமதி கேட்டபோதும் அது உள்ளேயே இருந்திருக்கிறது.

இப்போது சொல்லுங்கள். வாலை முறித்தது காற்றா? ஏற்கெனவே வெடித்திருந்ததைக் காற்று தட்டிவிட்டதா? முதலாவது என்றால் அது விதி. இரண்டாவது என்றால், உலகம் முழுக்க அன்று நூற்றுக்கணக்கில் பறந்துகொண்டிருந்த 707களில் ஏறிய அத்தனை பேரும் எதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்? நம்மூரும் இதில் உண்டு. ஹோமி பாபாவை ஏற்றிக்கொண்டு போன ஏர் இந்தியாவின் 707 ஆல்ப்ஸ் மலையில் மோதி அப்போது ஆறு வாரம்கூட ஆகவில்லை. அதுவும் பி.ஓ.ஏ.சி. விமானமும் ஒரே பட்டறையில் பிறந்தவை. இரண்டிலும் ரோல்ஸ்-ராய்ஸ் இன்ஜின்கள். மிச்சமிருந்த ஏர் இந்தியா விமானங்கள் தினமும் பம்பாயிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தன.

ஒரே வழிதான் இருந்தது. மற்ற 707களின் வாலையும் திறந்து பார்ப்பது.

திறந்தார்கள்.

(தொடரும்)